பாரிஸ் எத்தனை மணி தூரம்? விமான நேரக் கணக்குக்கு ஓர் எளிய விளக்கம்

பாரிஸில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பிய சொல்தாக்கள், பாரிஸின் புறநகர்களான சார்செலிலும் லா கூர்நெவிலும் குடியேறிவிட்ட பிள்ளைகள் என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். அதனால் "பாரிஸுக்கு எத்தனை மணி நேரம்?" என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ஒருவர் பதில் மற்றவர் பதிலோடு பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

ஆறு மணி நேரம் என்பார் ஒருவர். ஒரு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்ததாக டிக்கெட்டையே எடுத்துக் காட்டுவார். இன்னொருவர் பத்தரை மணி நேரம் என்பார். வீட்டிலிருந்து கணக்குப் போடுபவர் இருபது மணி நேரம் என்று அலுத்துக்கொள்வார். போகும்போது சீக்கிரம் போய்விடலாம், வரும்போதுதான் நாளே போய்விடுகிறது என்று ஒருவர் சொல்ல, நேர் எதிராக, வரும்போதுதான் விமானம் வேகமாக வருகிறது என்று இன்னொருவர் மறுப்பார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். எந்தக் கடிகாரம் எதை அளக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் தூரம்

சென்னை விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையம் சுமார் 8,000 கி.மீ. இந்த எண் சாலையில் அளந்த தூரமும் அல்ல, விமானம் உண்மையில் பறந்த தூரமும் அல்ல. உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரம் அது.

அந்தக் குறுகிய பாதை எங்கே போகிறது? சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்துச் சென்னையையும் பாரிஸையும் கோடு போட்டு இணைத்தால், கோடு மும்பைக்குத் தெற்கே கடலில் இறங்கி, ஓமான் வளைகுடா, குவைத், ஈராக், சிரியா, கிரீஸ் என்று போகும். இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கராச்சியின் பக்கமாக ஏறி, காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டு, கருங்கடலைக் கடந்து, ருமேனியா, ஹங்கேரி வழியாக இறங்கும். இரண்டும் ஒரே பயணம்தான் என்று நம்பவே தோன்றாது.

நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாகச் செல்லும்படி, இரண்டு ஊர்களையும் தொட்டு பூமியை இரண்டாகப் பிளந்தால் விளிம்பில் ஒரு வட்டம் கிடைக்கும். அந்த வட்டத்தின் ஒரு பகுதிதான் இது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. என்பதால், எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே இந்தத் தூரம் 20,000 கி.மீ.ஐத் தாண்ட முடியாது.

குற்றம் வரைபடத்தினுடையது. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது துருவங்களை ஒட்டிய பகுதிகளை இழுத்துத்தான் ஆகவேண்டும். எனவே தாளில் நேராகத் தெரிவது உண்மையில் நீளம், வளைவாகத் தெரிவதுதான் குறுக்குவழி. சென்னை–பாரிஸ் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 200 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ போன்ற இணைகளுக்கு வித்தியாசம் மிகப் பெரிது. அங்கே பெருவட்டப் பாதை வட துருவத்துக்கு அருகில் போகிறது. விமான இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் பாதை வில்லாக வளைந்திருப்பதைப் பார்த்து, சுற்றிக்கொண்டு போகிறார்களே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது: "8,000 கி.மீ." என்பது ஒரு கணக்குத் தூரம். அது மாறாது. இனி வருபவை எல்லாம் மாறக்கூடியவை.

விமானம் தரையில் ஓடவில்லை

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது பள்ளிக் கணக்கு. பெரிய பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 880 என்று வைத்துக்கொண்டால், 8,000 கி.மீ.க்கு 9 மணி 5 நிமிடம். போகவும் அதே, வரவும் அதே. ஆனால் உண்மையில் பாரிஸ் போவதற்குப் பத்தரை மணி நேரம் ஆகிறது, திரும்ப வருவதற்கு அதைவிடக் குறைவாக ஆகிறது. ஏன்?

சுண்ணாம்பாற்றில் படகு விடுபவரைக் கேளுங்கள். துடுப்புப் போடும் வேகம் ஒன்றேதான். முகத்துவாரத்தை நோக்கி நீர் வடியும்போது படகு தானாக விரையும். அதே நீரை எதிர்த்து வரும்போது கை ஓய்ந்துபோகும், கரையோ மெதுவாகத்தான் நகரும். படகுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னைச் சுற்றியுள்ள நீர் மட்டுமே. கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது துடுப்பின் வேகமும் நீரின் வேகமும் சேர்ந்த கணக்கு.

விமானமும் அப்படித்தான், நீருக்குப் பதில் காற்று. சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் என்னவோ, அது காற்றுவேகம். இன்ஜினும் இறக்கையும் தீர்மானிப்பது இதைத்தான். தரையிலுள்ள ஊர்களைக் கடக்கும் வேகம் தரைவேகம். நாம் எப்போது போய்ச் சேருவோம் என்பதைத் தீர்மானிப்பது இது. பின்னாலிருந்து காற்று வீசினால் இரண்டும் கூடும், எதிரிலிருந்து வீசினால் கழியும்.

சராசரியாக மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று இருப்பதாகக் கொள்வோம். தரைவேகம் 820. அப்போது 8,000 கி.மீ.க்கு 9 மணி 45 நிமிடம். அதே காற்று திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளினால் தரைவேகம் 940, நேரம் 8 மணி 30 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை, ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும் நேரம் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் போக்குக்குப் பத்தரை, வரவுக்கு ஒன்பதேகால் என்று கணக்கு நிஜத்தை நெருங்கிவிடுகிறது.

மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று

எதிர்க்காற்று எப்போதும் பாரிஸ் போகிறவருக்கு மட்டும் ஏன்? ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றுப்பட்டை பூமியைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். மணிக்கு 150, 200 கி.மீ. என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐயும் தாண்டும். வெப்பமான வெப்பமண்டலத்துக்கும் குளிர்ந்த துருவப் பகுதிக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடுதான் இதற்கு மூலம். அந்த வேறுபாடு குளிர்காலத்தில் அதிகம் என்பதால் காற்றும் அப்போது வலுக்கிறது.

இதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்து, முடிவுகளை உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவு, உலகில் ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகே விஷயம் பரவலாகப் பேசப்பட்டது.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2020 பிப்ரவரியில், கியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.ஐத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் பறந்ததா என்று பலர் கேட்டார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. ஏர் இந்தியாவின் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கி.மீ. பறக்கவிட்டார்கள். தூரம் 1,400 கி.மீ. கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி ஆனது. எதிர்க்காற்றுக்குப் பதில் பின்காற்று, அவ்வளவுதான். தூரம் அதிகம் என்றால் நேரமும் அதிகம் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த ஒன்றை நினைவூட்டலாம்.

நம் ஊருக்கு மேலே இருப்பது இதற்கு நேர் எதிரான கதை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, சென்னை அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் எழுகிறது. இதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இதன் உச்சம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அந்த மாதங்களில் சென்னையை விட்டு மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் பகுதியில் கிழக்குக் காற்றின் துணை கிடைப்பதுண்டு. வடக்கே ஏற ஏற மேற்குக் காற்று எதிரே வந்துவிடும்.

சுருக்கமாக: கிழக்கே பறப்பவருக்கு லாபம், மேற்கே பறப்பவருக்கு நஷ்டம், குளிர்காலத்தில் இரண்டுமே கூடுதல். பாரிஸிலிருந்து வருவது சீக்கிரம் என்று சொன்னவர் பார்த்தது இதைத்தான்.

பூமி சுழல்வதால் அல்லவா?

இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை மிக உறுதியானது, படித்தவர்களிடமும் இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, ஆகவே விமானம் மேலே நின்றாலே போதும், பாரிஸ் கீழே வந்து சேரும் என்பது வாதம்.

புதுச்சேரி இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டிருக்கிறது. காற்று மட்டும் அதோடு சேர்ந்து சுழலாமல் நின்றுவிட்டது என்று வையுங்கள். கடற்கரைச் சாலையில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்குக் காற்று அறைய வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் வேகம் மணிக்கு 140 கி.மீ. அளவில் இருந்தது. அதற்கே பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான காற்று நாள் முழுவதும் அடித்தால் ஆயி மண்டபம் மிஞ்சுமா?

காற்று பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அந்தக் காற்றில் மிதக்கும் விமானமும் கிளம்பும் முன்பே அந்தச் சுழற்சியில் பங்கு பெற்றிருக்கிறது. எனவே சுழற்சி நேரடியாக நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. மறைமுகமான பங்கு ஒன்று உண்டு. வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் காற்றோட்டமாக்குவது இந்தச் சுழற்சிதான். பூமி விமானத்தை நகர்த்துவதில்லை, காற்றின் திசையைத் தீர்மானிக்கிறது.

டிக்கெட்டில் உள்ள ஆறு மணி நேரம்

இனி, ஆறு மணி நேரத்தில் பாரிஸ் போனவர். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். இது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல, பயண நேரமும் கடிகார வித்தியாசமும் கலந்த ஓர் எண்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. புதுச்சேரிக்கும் பாரிஸுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 77.5 பாகை. சூரியனை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 5 மணி 10 நிமிடம். ஆனால் கடிகாரங்கள் சூரியனைவிட அரசாங்கத்துக்கே கட்டுப்பட்டவை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், பிரான்ஸ் தன் கிழக்கே உள்ள நாடுகளின் நேரத்தைப் பின்பற்றுகிறது. எனவே வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றும் நாட்கள். பிள்ளைகளோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் புதுச்சேரிப் பெற்றோர்களுக்கு இது மனப்பாடம். டிக்கெட்டைப் பார்க்கும்போது மட்டும் ஏனோ மறந்துபோகிறது.

நேரடி விமானம் ஒன்று சென்னையில் இரவு 1 மணிக்குக் கிளம்பி, 10 மணி 30 நிமிடம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சேரும்போது சென்னையில் பகல் 11.30. குளிர்காலப் பாரிஸில் காலை 7. டிக்கெட்டில் தெரிவது 1 மணி, 7 மணி. அதே விமானம் கோடையில் 8 மணிக்குச் சேருவதாக அச்சாகும். ஒரு மணி நேரம் தாமதமானதுபோலத் தெரிந்தாலும் பறந்த நேரம் ஒன்றுதான்.

திரும்பும்போது பாரிஸில் காலை 10 மணிக்குக் கிளம்பி 9 மணி 20 நிமிடம் பறந்தால், சென்னையில் இரவு 11.50. டிக்கெட் சொல்வது 13 மணி 50 நிமிடம்! வரும்போது நாளே போய்விடுகிறது என்றவர் இதைத்தான் பார்த்தார். விமானம் உண்மையில் முன்னதாகவே வந்திருக்கிறது.

வழி எளிது. இரண்டு நேரங்களையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். கழிப்பதா கூட்டுவதா என்ற குழப்பமே வராது.

அரசியல் வளைக்கும் பாதை

பெருவட்டப் பாதை எந்த நாட்டின் அனுமதியையும் கேட்டு வரையப்பட்டதல்ல, விமானமோ கேட்டுத்தான் பறக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. ரஷ்யா ஐரோப்பிய நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை அடைத்ததும், பத்து மணிக்கும் குறைவாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணியை எட்டியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவன விமானங்களுக்கு மூடியது. இப்படிப்பட்ட நேரங்களில் வரைபடத்தில் 8,000 என்று இருப்பது நடைமுறையில் பல நூறு கிலோமீட்டர் நீளும்.

டிக்கெட்டில் இல்லாத மணிகள்

விமான நிறுவனம் சொல்லும் பயண நேரத்துக்குத் தொழிலில் பிளாக் டைம் என்று பெயர். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, சேருமிடத்தில் போய் நிற்பது வரை உள்ள நேரம் இது. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். போதாததற்கு நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவைக்கும். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சில சமயம் சரியான நேரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. விமானி விரட்டி ஓட்டினார் என்று பாராட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நேரடி விமானம் இல்லாமல் தோஹா வழியாக மாறிப் போனால் தூரம் எவ்வளவு கூடும்? சென்னை–தோஹா சுமார் 3,290 கி.மீ., தோஹா–பாரிஸ் சுமார் 4,970. மொத்தம் 8,260. வெறும் 260 கி.மீ.தான் அதிகம். வளைகுடா நகரங்கள் நம் பாதையில் ஏறக்குறைய நடுவழியிலேயே அமைந்திருக்கின்றன. ஆனால் பறக்கும் நேரம் ஐந்தும் ஏழுமாகப் பன்னிரண்டை நெருங்கும். இரண்டாவது முறை ஏறி இறங்குவதற்கான விலை அது. மீதி எல்லாம் இடைக்காத்திருப்பு. டிக்கெட் தேடும்போது "மொத்தப் பயண நேரம்" 14, 18, 22 என்று எகிறுவதற்குக் காரணம் வானத்தில் இல்லை, தோஹாவின் நாற்காலிகளில் இருக்கிறது.

புதுச்சேரிக்காரருக்குப் பயணம் சென்னையில் தொடங்குவதும் இல்லை. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களுக்கு அது போதும், பாரிஸ் போகும் பெரிய விமானத்துக்குப் போதாது. எனவே திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகவோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மீனம்பாக்கத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கினால் அதற்கும் மேல். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். விமானத்தில் பத்தரை. பாரிஸில் இறங்கிக் குடிநுழைவு, பெட்டி, பிறகு சார்செல் வரை ரயிலோ காரோ, இரண்டு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது. இருபது மணி நேரம் என்று அலுத்துக்கொண்டவர் மிகைப்படுத்தவே இல்லை.

இந்தக் கணக்கிலும் புதுச்சேரிக்கே உரிய ஒரு மாறி உண்டு. சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு ஒரு வரிசை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு வேறொரு வரிசை. கணவன் ஒன்றிலும் மனைவி மற்றதிலும் நிற்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், குடும்பத்தின் பயண நேரம் என்னவோ நீண்ட வரிசையின் நேரம்தான்.